ஓடுகாலி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

டிசம்பர் பிறந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடும். ஏதோ ஒரு யூனிவர்சிட்டியின் அசிஸ்டென்ட் கோச் வேறு யூனிவர்சிட்டிக்குப் போகிறார் என்று செய்தி வர வேண்டியது, அடுத்த அஞ்சாவது நிமிஷம் "துரோகி", "காசுக்காக ஓடிட்டான்", "நன்றி கெட்டவன்" என்று அர்ச்சனை ஆரம்பம். அதே ஆள் போன வாரம் வரைக்கும் குலதெய்வம்.

கால்பந்து என்றதும் ரொனால்டோ, மெஸ்ஸி என்று ஆரம்பிக்காதீர்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. நான் சொல்ல வருவது ஆட்டத்தைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி. வேலை என்பது நம் எல்லோருக்கும் புரிகிற விஷயம்தானே. நம் சீனியர் ஒருவர் இரண்டு வருஷத்தில் மூன்றாவது கம்பெனி மாறினால் நாம் என்ன செய்கிறோம்? ட்ரீட் கேட்கிறோம். ஒரு கோச் அதையே செய்தால் மட்டும் ஒழுக்கம், விசுவாசம், பண்பாடு எல்லாம் எங்கிருந்தோ வந்து குதிக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசிஸ்டென்ட் கோச்சுகள் தாவுவது துரோகம் இல்லை. தாவாமல் பிழைக்க முடியாதபடி அந்தத் தொழிலைக் கட்டி வைத்திருப்பவர்கள் கல்லூரி நிர்வாகங்கள். அந்தத் தாவலின் செலவை ஏற்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் செலவு விழுவது எங்கே என்றால், பதினேழு பதினெட்டு வயசுப் பையன்கள் தலையில். ரசிகர் கோபம் போவதோ முற்றிலும் வேறு திசையில்.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பெரிய டிவிஷனில் ஒரு ஹெட் கோச்சுக்குக் கீழே 2017 வரை 9 அசிஸ்டென்ட்டுகள்தான் இருக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வரம்பு வைத்திருந்தது. 2018 ஜனவரியில் அது 10 ஆனது. இந்தப் பத்துப் பேரில் தாக்குதலுக்கு ஒரு கோஆர்டினேட்டர், தடுப்புக்கு ஒரு கோஆர்டினேட்டர். மற்றவர்கள் ஒவ்வொரு நிலைக்கும் ஒருவர்: குவார்ட்டர்பேக் கோச், ரன்னிங் பேக் கோச், லைன் கோச், இப்படி. இவர்களுக்கும் கீழே அனலிஸ்ட் என்று ஒரு கூட்டம். அதற்கும் கீழே கிராஜுவேட் அசிஸ்டென்ட், சுருக்கமாக ஜி.ஏ. ட்யூஷன் ஃபீஸும் கொஞ்சம் கைச்செலவுக் காசும் கொடுத்து, ராத்திரி பகலாக வீடியோ வெட்டவிடுவார்கள். ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டுவதும் சாப்பாடு வாங்கி வருவதும் சேர்த்தி. நிக் சேபன் தொடங்கியது கென்ட் ஸ்டேட்டில் ஜி.ஏ.வாகத்தான், 1973ல். ஏழு தேசியப் பட்டங்கள் வாங்கி 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றாரே, அதே சேபன்.

இந்த ஏணியில் ஒருவர் எப்படி ஏறுகிறார் என்பதற்கு கர்பி ஸ்மார்ட்டின் ஜாதகத்தைப் பாருங்கள். 2001ல் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் தடுப்புக் கோஆர்டினேட்டர். அடுத்த வருஷம் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜி.ஏ. கவனியுங்கள், கோஆர்டினேட்டர் பட்டத்தை விட்டுவிட்டு வீடியோ வெட்டும் வேலைக்கு! ஏனென்றால் அது பாபி பௌடன் வீடு. அங்கே வாசல் பெருக்கினாலும் பயோடேட்டாவில் எடை கூடும். பிறகு 2004ல் எல்.எஸ்.யூ., 2005ல் ஜார்ஜியா, 2006ல் தொழில்முறை டீமான மயாமி டால்ஃபின்ஸ், 2007ல் அலபாமா. நான்கே வருஷத்தில் நான்கு முதலாளிகள். 2008ல் அலபாமாவின் தடுப்புக் கோஆர்டினேட்டர் ஆகி அங்கே எட்டு சீசன் நின்றார். 2015 டிசம்பரில் ஜார்ஜியா அவரை ஹெட் கோச்சாக எடுத்தது. 2021, 2022 சீசன்களில் வரிசையாக இரண்டு பட்டம். இன்று ஜார்ஜியா ரசிகரிடம் போய் "உங்க கோச் ஒரு ஓடுகாலி" என்று சொல்லிப் பாருங்கள், முதுகு பத்திரம்!

"எல்லாரும் ஓடணும்னு என்ன கட்டாயம், நிக்கிறவன் நிக்கலையா?" என்று கேட்பீர்கள். நிற்கிறார்கள். பட் ஃபாஸ்டர் நின்றார். 1987ல் ஃப்ராங்க் பீமருடன் வர்ஜீனியா டெக்குக்கு வந்தவர் 2019 சீசன் வரை அங்கேயே இருந்தார். 33 சீசன். அதில் 1995லிருந்து தடுப்புக்குப் பொறுப்பு. அசிஸ்டென்ட் கோச்சுகளுக்கென்றே 1996லிருந்து கொடுக்கும் ப்ராய்ல்ஸ் விருதை 2006ல் வாங்கினார். 2015ல் பீமர் ஓய்வு அறிவித்தார். நாற்காலி யாருக்குப் போனது? மெம்ஃபிஸிலிருந்து வந்த ஜஸ்டின் ஃபுவென்ட்டேக்கு. ஃபாஸ்டர் புதிய முதலாளியின் கீழும் பழைய வேலையையே பார்த்துவிட்டு ஓய்வுபெற்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா இல்லையா என்பது அவர் விஷயம். நிர்வாகத்தின் கணக்கு மட்டும் வெளிச்சமாகத் தெரிகிறது. விசுவாசத்துக்குக் கைதட்டல் உண்டு, விருந்து உண்டு. பதவி உயர்வு வெளியூர்க்காரனுக்கு.

இப்போது எதிர்ப்பக்கம். விசுவாசம் பேசும் கல்லூரிகள் தங்கள் கோச்சுகளிடம் எவ்வளவு விசுவாசமாக இருக்கின்றன? ஹெட் கோச்சைத் தூக்கினால் நஷ்டஈடு கொட்டுகிறது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியிருந்தது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஆனால் ஹெட் கோச் போனால் கூடவே அந்தப் பத்துப் பேரும் பெட்டி கட்ட வேண்டும். புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பழைய ஆளில் ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம். அசிஸ்டென்ட்டுகளின் ஒப்பந்தம் பல இடங்களில் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு மூன்று வருஷம். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்ற கேள்வியே எழாது. ரன்னிங் பேக்குகள் பிரமாதமாக ஓடியிருக்கலாம். தடுப்பு ஓட்டையாக இருந்ததால் ரன்னிங் பேக் கோச்சின் பிள்ளைகளும் ஸ்கூல் மாற வேண்டும்.

டேபோ ஸ்வின்னி கதை இதற்குச் சரியான சாட்சி. அலபாமாவில் ஆடி, அங்கேயே ஜி.ஏ.வாக இருந்து, அசிஸ்டென்ட் ஆனவர். 2000 சீசன் படுதோல்வி. ஹெட் கோச் மைக் டுபோஸ் அவுட், கூடவே ஸ்வின்னியும் அவுட். அடுத்த இரண்டு வருஷம் என்ன செய்தார் தெரியுமா? ரியல் எஸ்டேட். ஷாப்பிங் சென்டர்களில் கடை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் வேலை. 2003ல் டாமி பௌடன் கூப்பிட்டதால் கிளெம்சனுக்கு ரிசீவர் கோச்சாகப் போனார். கோஆர்டினேட்டர் பதவியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. 2008 அக்டோபரில் சீசன் நடுவில் பௌடன் விலகியதும் தற்காலிகமாக இவரை உட்கார வைத்தார்கள். பிறகு நிரந்தரமானது. 2016, 2018 சீசன்களில் தேசியப் பட்டம். பழைய கோச் ஒருவர் போன் பண்ணாமல் இருந்திருந்தால்? ஒரு நல்ல கடை வாடகை ஏஜென்ட் நமக்குக் கிடைத்திருப்பார், அவ்வளவுதான். இந்த மாதிரி போன் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்து வைப்பதில்லை.

ஆகவே தாவுகிற கோச் செய்வது என்ன? தன்னைத் தூக்கி எறிவதற்கு முன் தானே எழுந்து போகிறார். ஜனவரியில் நடக்கும் கோச்சுகள் சங்க மாநாட்டில் ஹோட்டல் லாபி முழுக்கப் பயோடேட்டாவோடு நிற்கும் கூட்டத்தைப் பற்றிப் படித்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். (பயோடேட்டா என்றதும் ஜார்ஜ் ஓ'லியரி ஞாபகம் வருகிறார். 2001 டிசம்பரில் நோட்டர்டேம் ஹெட் கோச் ஆனார். ஐந்தே நாளில் ராஜினாமா. வாங்காத மாஸ்டர்ஸ் டிகிரியும் ஆடாத ஆட்டமும் எப்போதோ பயோடேட்டாவில் ஏறி, அப்படியே கூட வந்துகொண்டிருந்தன. ப்ளேஸ்மென்ட் சீசனில் இருக்கும் மக்களே, உஷார்!)

"கோடி கோடியா சம்பாதிக்கிறான், அவனுக்கென்ன பாவம்?" என்பது அடுத்த வாதம். உண்மைதான், உச்சியில் இருப்பவர்கள் சம்பாதிக்கிறார்கள். 2018ல் எல்.எஸ்.யூ.வின் தடுப்புக் கோஆர்டினேட்டர் டேவ் அராண்டா வருஷத்துக்கு 25 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். கிளெம்சனில் ப்ரென்ட் வெனபிள்ஸும் அந்த உயரத்துக்குப் போனார். ஆனால் அது உச்சி. உச்சியைக் காட்டி அடிவாரத்தைப் பேசுவது சுத்த ஏமாற்று. தவிர, இந்தச் சம்பளத்தை உயர்த்தியது எது? விசுவாசமா? போய்விடுவார் என்ற பயம்தான். தாவ முடியாத இடத்தில் இதே கல்லூரிகள் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது.

1991ல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. கால்பந்து தவிர்த்த முதல் டிவிஷன் விளையாட்டுகளில் கடைநிலை அசிஸ்டென்ட் ஒருவருக்கு வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. கல்வியாண்டுக்கு 12,000, கோடைக்காலத்துக்கு 4,000. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒன்றுகூடி, ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டுகின்றன! வெளியே இதை வேறு யாராவது செய்தால் அதற்குப் பெயர் கார்ட்டெல். கேட்டால், இளைஞர்களுக்கு வாய்ப்பு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தானாம். அந்த வேலை இளைஞர்களுக்கு மட்டும்தான் என்று விதியில் எங்கேயாவது எழுதியிருந்ததா என்றால், இல்லை. பல வருஷம் அனுபவம் உள்ளவர்களும் அதே 16,000க்கு உட்கார வேண்டியிருந்தது. கோச்சுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். லா எதிர் என்.சி.ஏ.ஏ. என்ற வழக்கு. 1998ல் அப்பீல் கோர்ட்டும் விதி சட்டவிரோதம் என்றது. அதே வருஷம் ஜூரி போட்ட நஷ்டஈடு 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல், போட்டித் தடைச் சட்டப்படி அது மூன்று மடங்காகும். கடைசியில் 1999ல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். கால்பந்து கோச்சுகளை அந்த உச்சவரம்பு தொடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கை கட்டப்பட்டவனுக்கு இவர்கள் என்ன கொடுப்பார்கள் என்பது அதில் தெரிந்துவிட்டது அல்லவா?

சரி, கோச்சுகளுக்கு வக்காலத்து போதும். இப்போது அவர்கள் கை சுத்தமாக இல்லாத இடத்துக்கு வருவோம்.

அசிஸ்டென்ட் கோச்சின் வேலையில் பாதி, ஸ்கூல் பையன்களை வளைப்பது. பையன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அவன் அம்மா செய்த சாப்பாட்டைப் புகழ்ந்து, "இவனை என் பையன் மாதிரி பாத்துக்கறேம்மா" என்று சொல்வது ஹெட் கோச் அல்ல, பெரும்பாலும் இந்த நிலைக் கோச்சுதான். ஒன்றிரண்டு வருஷம் தினமும் மெசேஜ், போன். அந்தப் பையனுக்குக் கல்லூரி என்றாலே அந்த மனிதர்தான். பிறகு அவன் கையெழுத்துப் போடுவான். போட்ட தாளில் என்ன இருந்தது? நீ கையெழுத்திடுவது கல்லூரியோடு, எந்தத் தனிமனிதரோடும் இல்லை என்று சுத்தபத்தமாக இருந்தது. ஹாலில் ஒரு வாக்குறுதி, தாளில் அதற்கு நேரெதிர்.

2015 பிப்ரவரி 4, கையெழுத்து நாள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த மைக் வெபர் என்ற ரன்னிங் பேக், சொந்த மாநிலமான மிச்சிகனை விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கையெழுத்திட்டான். மறுநாள் செய்தி: ஒஹாயோ ஸ்டேட்டின் ரன்னிங் பேக் கோச் ஸ்டான் ட்ரேட்டன் சிகாகோ பேர்ஸ் டீமுக்குப் போகிறார். மறுநாள் ஐயா, மறுநாள்! பையன் மனசு நொந்துபோனதை இணையத்திலேயே எழுதினான். கோச் போகலாம், பையன் போக முடியாது. அவன் மனசு மாறி வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். அன்றைய விதி அது.

அதே நாளில் இன்னொரு பையன் தப்பித்தான். ஜார்ஜியா மாநிலத்து ரோக்வான் ஸ்மித், டிவி காமெரா முன்னால் யூ.சி.எல்.ஏ. கையுறை மாட்டிக்கொண்டு "அங்கேதான் போகிறேன்" என்று அறிவித்தான். அறிவித்தானே தவிர தாளை அனுப்பவில்லை. அதற்குள் யூ.சி.எல்.ஏ.வின் தடுப்புக் கோஆர்டினேட்டர் ஜெஃப் உல்ப்ரிச், அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போகப்போவதாகக் காதில் விழுந்துவிட்டது. அவரும் போனார். ஸ்மித் யோசித்துக் கடைசியில் ஜார்ஜியாவுக்குச் சேர்ந்தான். அங்கேயும் அந்தக் கட்டிப்போடும் தாளில் கையெழுத்திடாமல், ஸ்காலர்ஷிப் தாளில் மட்டும் கையெழுத்து! 2017ல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது, 2018ல் என்.எஃப்.எல். தேர்வில் எட்டாவது ஆள். வக்கீல் வைக்காமலே வக்கீல் மூளை. ஆனால் அவன் அளவுக்குப் பேரம் பேசும் தகுதி எத்தனை பையன்களுக்கு இருந்திருக்கும்? சாதாரணப் பையன் தாளை அனுப்பாவிட்டால் அந்த ஸ்காலர்ஷிப் அடுத்தவனுக்குப் போய்விடும்.

இதில் ட்ரேட்டனையும் உல்ப்ரிச்சையும் திட்டலாம். நானும் கொஞ்சம் திட்டுவேன், போகப்போகிறேன் என்று தெரிந்தால் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கோச் வேலைக்கு ஆபத்து. சொல்லாமல் இருப்பதுதான் கல்லூரிக்கு லாபம். கையெழுத்து நாளை எப்போது வைப்பது என்று முடிவு செய்வது கோச்சுகள் இல்லை. கோச் மாறும் காலத்துக்கு முன்னால் தாளை வாங்கிக்கொள்வது யாருக்கு வசதியோ அவர்கள்தான் காலண்டர் எழுதுகிறார்கள்.

ட்ரேட்டனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் கறுப்பினத்தவர். ஃப்ளோரிடா, ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் என்று பெரிய இடங்களில் எல்லாம் ரன்னிங் பேக் கோச்சாகவே காலம் ஓடியது. முதல் ஹெட் கோச் வேலை டெம்பிளில் கிடைத்தது 2021 டிசம்பரில், 50 வயசில். 2024 நவம்பரில் அதுவும் போனது. கறுப்பின கோச்சுகளை ரன்னிங் பேக், ரிசீவர் பக்கம் ஒதுக்கிவிட்டு, "நீ பையன்களை நல்லா வளைப்ப" என்று ஊர் ஊராக அனுப்புவது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். ஹெட் கோச் தேடும்போது மட்டும் "கோஆர்டினேட்டரா இருந்திருக்கணும், குவார்ட்டர்பேக்கைப் பழக்கியிருக்கணும்" என்பார்கள். ஸ்வின்னிக்கு யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்கவில்லை என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சில்வெஸ்டர் க்ரூம் அலபாமாவின் பழைய நட்சத்திரம், அங்கேயே பத்து வருஷம் அசிஸ்டென்ட். 2003ல் அலபாமா ஹெட் கோச் வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். வேலை மைக் ஷுலாவுக்குப் போனது. அதே வருஷ டிசம்பரில் மிசிசிப்பி ஸ்டேட் க்ரூமை எடுத்தது. எஸ்.இ.சி. என்ற அந்தப் பெரிய லீகில் முதல் கறுப்பின ஹெட் கோச் அவர்தான். 2003ல்! ஆரேகன் மாநிலம் 2009ல் ஒரு சட்டமே போட்டது: அரசுப் பல்கலைக்கழகங்கள் ஹெட் கோச் எடுக்கும்போது சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும். நேர்காணலுக்குக் கூப்பிடு என்று சொல்லவே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது. தாவுகிறான் தாவுகிறான் என்கிறீர்களே, தாவக்கூட விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா?

"அதெல்லாம் பழைய கதை, இப்ப பையன்களும் இஷ்டத்துக்கு மாறலாமே" என்று ஒரு கோஷ்டி வரும். கொஞ்சம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2021லிருந்து ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றானது. 2024ல் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது. அந்தக் கட்டிப்போடும் தாளையும் 2024 அக்டோபரில் ஒழித்தார்கள். 2025லிருந்து கல்லூரிகளே வீரர்களுக்குக் காசு கொடுக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பையன்களுக்கு இந்த உரிமை வந்ததும் "விசுவாசமே இல்லை, காலம் கெட்டுப்போச்சு" என்று முதலில் ஒப்பாரி வைத்தவர்கள் கல்லூரி நிர்வாகிகளும் ஹெட் கோச்சுகளும்தான். ஒப்பாரி வைத்த வாயாலேயே அடுத்த ஊர் ஏஜென்ட்டிடமும் பேசியிருப்பார்கள்!

காலண்டர் மட்டும் திருந்தவில்லை. ஹெட் கோச் மாறினால் வீரர்கள் வெளியேறத் தனியாக ஒரு ஜன்னல் திறக்கிறார்கள். நிலைக் கோச் மாறினால் திறப்பதில்லை. அதாவது பையனை வளைத்ததும் தினமும் பழக்கியதும் யார் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாதாம்! டிசம்பர் கையெழுத்துக் காலத்தை வேறு மாதத் தொடக்கத்துக்கே இழுத்துவிட்டார்கள், சரியாகக் கோச்சுகள் ஊர் மாறும் வாரத்தில். 2025 நவம்பர் 30 அன்று லேன் கிஃபின், ஓல் மிஸ்ஸை விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். ஓல் மிஸ் பிளேஆஃப்புக்குப் போகும் நேரம். நிர்வாகம் அவரைப் பிளேஆஃப்பில் நிற்க விடவில்லை. தடுப்புக் கோஆர்டினேட்டர் பீட் கோல்டிங்கை ஹெட் கோச் ஆக்கியது. டிவியில் வாரம் முழுக்க ஒரே விவாதம்: கிஃபின் செய்தது நியாயமா, துரோகமா? கையெழுத்துக் காலம் தொடங்கியது டிசம்பர் 3. இடையில் முழுசாக இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் எந்த ஊர் கோச் எந்த ஊருக்குப் போவார் என்று தெரியாமல், எந்தத் தாளில் கையெழுத்திடுவது என்று எத்தனை வீட்டு ஹால்களில் உட்கார்ந்திருப்பார்கள்? அதை வைத்து ஒரு விவாதத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

டிஸ்கி: நீ எந்த டீம் ரசிகன் என்று கேட்காதீர்கள். போன டிசம்பரில் எங்கள் டீமிலிருந்தும் ஒரு அசிஸ்டென்ட் போனார். நல்லா இருக்கட்டும் மனுஷன் :-)